இல்லத்துப் பூனை

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே, கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையம் வட்டத்தைச் சேர்ந்தது ஓடைப்பட்டி என்னும் பேரூர். விதையில்லாத் திராட்சைக்குப் பெயர்பெற்ற ஊர் அது. தூண்களை நட்டுக் கம்பி வலை கட்டி, அதன்மேல் கொடிகளைப் படரவிட்ட பந்தல்கள் அவ்வூரைச் சூழ்ந்துள்ளன. தோட்டமும் களமும் தானியக் குதிரும் உள்ள இடத்தில் எலிக்குக் குறைவில்லை. எலி உள்ள இடத்தில் பூனைக்கும் குறைவில்லை. ஆதலின் அவ்வூர் உழவர் வீடுகளில் பூனை ஒன்றேனும் அடுப்படியில் சுருண்டு கிடப்பதைக் காணலாம்.

மனிதனுக்கும் பூனைக்கும் ஏற்பட்ட உறவே எலியால் நேர்ந்ததுதான். ஏறத்தாழப் பதினாயிரம் ஆண்டுகளுக்கு முன், மேற்காசியாவில் மக்கள் தானியம் விளைவித்துச் சேமிக்கத் தொடங்கினர். சேமிப்பை நாடி எலி வந்தது. எலியை நாடிக் காட்டுப் பூனை வந்தது. சைப்பிரசுத் தீவில் 9,500 ஆண்டுப் பழமையுடைய புதைகுழி ஒன்றில் மனிதனுக்கு அருகே பூனை ஒன்றும் அடக்கம் செய்யப்பட்டிருந்ததை ஆராய்ச்சியாளர் 2004இல் வெளியிட்டனர். நாயை மனிதன் பழக்கினான் என்பர். பூனையோ தானே வந்து தங்கிற்று என்பதே பொருந்தும்.

தமிழர் இதனை நெடுங்காலமாக அறிவர். காட்டில் வாழ்வதை வெருகு என்றனர். அவ்வெருகினைப் பூசை என்று வழங்குதலும் உண்டு என்பதைத் தொல்காப்பியத்து மரபியல் குறிக்கின்றது. வெருகின் இளமைக்குக் குட்டி என்னும் பெயர் உரியதென்றும், பறழ் என்றாலும் பிழையன்று என்றும் அவ்வியலே கூறும். ஊர்வழக்கில் ஆணைக் கடுவன் என்றும் பெண்ணைப் பெட்டை என்றும் சொல்லுகின்றோம். பெயரிடுவதில் இத்துணை நுட்பம் காட்டிய நாம், அதன் உடல்நலம் பேணுவதில் அந்த நுட்பத்தைக் காட்டவில்லை. பூனைக்கு ஒன்பது உயிர் என்று எவரோ சொன்னதை நம்பி, அது தானே பிழைத்துக்கொள்ளும் என விட்டுவிடுகின்றோம். அல்லது அன்பு மிகுந்து, ஆகாததைக் கொடுத்து அதன் ஓருயிரையும் போக்கிவிடுகின்றோம். இரண்டாவதே பெரிதும் வருந்தத்தக்கது.

முதலில் பாலை எடுத்துக்கொள்வோம். கம்பர் தம் காப்பியத்தின் அவையடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையோடு தம்மை ஒப்பிட்டுக்கொண்டார். பூனைக்குப் பாலின்மீது உள்ள ஆசைக்கு அதனினும் உயர்ந்த சான்று வேண்டுவதில்லை. ஆயினும் ஆசை வேறு, செரிமானம் வேறு. பாலில் இயல்பாக உள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி, தாய்ப்பால் உண்ணும் பருவத்தில் குட்டியின் குடலில் மிகுதியாக இருக்கும். வளர வளரக் குறைந்துவிடும். பசும்பாலிலோ அச்சர்க்கரை பூனைப்பாலில் உள்ளதைவிட மிகுதி. எனவே பசும்பால் குடித்த பூனைகள் பலவற்றுக்கு வயிறு பொருமும், கழிச்சல் உண்டாகும். பெரிய பூனை அதனைத் தாங்கும். கையளவு உடம்புள்ள குட்டியோ, ஒருநாள் கழிச்சலில் நீர் வற்றி ஓய்ந்துவிடும். கிண்ணம் நிறையப் பால் வைத்த சிறுவன், காலையில் குட்டி அசையாது கிடப்பதைக் கண்டு, 'பால்தானே கொடுத்தேன்!' என்று அழுவது பல வீடுகளில் நிகழ்வதே.

பூனை ஊனுண்ணி. நாயைப் போலக் கிடைத்ததை உண்டு உடல் வளர்க்கும் இயல்பு அதற்கு இல்லை. காரட்டிலும் கீரையிலும் உள்ள மஞ்சட் பொருளை நம் உடல் ஏ உயிர்ச்சத்தாக மாற்றிக்கொள்ளும். பூனையின் உடல் அதனைச் செய்யமாட்டாது. டாரின் என்னும் சத்தும் அவ்வாறே. இறைச்சியிலும் மீனிலும் உள்ள இச்சத்துக் குறைந்தால் பூனையின் கண்ணின் உட்படலம் பழுதுபட்டுப் பார்வை போகும் என்பது 1975இல் அறியப்பட்டது. இதயம் விரிந்து தளர்வதற்கும் இக்குறையே காரணம் என்பதனை அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவின் மருத்துவர்கள் 1987இல் நிறுவினர். அதன் பின்னரே கடைகளில் விற்கும் பூனை உணவில் டாரின் போதிய அளவு சேர்க்கப்பட்டது. பால்சோறும் தயிர்ச்சோறும் மட்டும் இட்டு வளர்க்கும் வீட்டில் பூனை பிழைத்திருக்கின்றதெனின், அது வீட்டாருக்குத் தெரியாமல் எலியும் ஓணானும் பிடித்துத் தின்கின்றது என்பதே பொருள். வெளியே செல்லாத பூனைக்கு அவ்வழியும் இல்லை. அதற்கு வேகவைத்த கோழியிறைச்சி, முள் நீக்கிய மீன், வேகவைத்த முட்டை ஆகியவற்றைச் சிறிது சோற்றுடன் பிசைந்து தரலாம். இயன்றவர் கடையில் விற்கும் பூனை உணவையும் தருவர். வெங்காயமும் பூண்டும் சேர்ந்த குழம்பை ஊற்றலாகாது. அவை பூனையின் குருதிச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்த எலும்பு பிளந்து கூர்மையாகித் தொண்டையிலும் குடலிலும் குத்தும். கருவாட்டின் உப்பும் அதற்கு நல்லதன்று. தண்ணீர் மட்டும் எப்போதும் தூய்மையாக, உணவுத் தட்டினின்று சற்றுத் தள்ளி இருத்தல் வேண்டும்.

இனிக் குட்டிகளின் நிலையைக் காண்போம். பெட்டைப் பூனை ஏறத்தாழ ஒன்பது வாரம் சூல்கொண்டு மூன்று முதல் ஐந்து குட்டிகளை ஈனும். பரண், வைக்கோற்போர், காலியான திராட்சைப் பெட்டி ஆகியவை அதற்கு உகந்த இடங்கள். பிறந்த குட்டி நூறு கிராம் எடையளவே இருக்கும், கண் மூடியிருக்கும், காது கேளாது. ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் கண் திறக்கும். மூன்றாம் வாரத்தில் பல் முளைக்கத் தொடங்கும். நாலாம் வாரத்தில் குழைந்த இறைச்சி உணவை நக்கத் தொடங்கி, எட்டாம் வாரமளவில் தாய்ப்பாலை மறக்கும். அதற்குமுன் குட்டியைத் தாயினின்று பிரித்துப் பிறருக்குக் கொடுத்தல் தகாது.

தாயைக் காணாத குட்டியின் கூவல் கேட்டவுடன், 'ஐயோ, அநாதை' என்று தூக்கி வருவது நல்ல உள்ளத்தின் செயலே. ஆயினும் தாய்ப்பூனை இரைதேடச் சென்றிருக்கலாம். அல்லது இடம் மாற்றுவதற்காக ஒவ்வொன்றாகக் கவ்விச் செல்லும் இடைவேளையாக இருக்கலாம். குட்டியைத் தாய்ப்பூனை வாயாற் கவ்விச் செல்லும் இக்காட்சியையே, இறைவன் அடியாரைத் தானே தாங்குவதற்கு உவமையாக வைணவப் பெரியோர் எடுத்தாண்டனர். எனவே சில மணி நேரம் மறைந்து நின்று பார்த்தல் வேண்டும். குட்டிகள் வெதுவெதுப்பாகவும் வயிறு புடைத்தும் அமைதியாகவும் உறங்கினால் தாய் வருகின்றது என்று அறிக. தொடர்ந்து கத்துதலும், உடல் குளிர்ந்திருத்தலும், வயிறு ஒட்டியிருத்தலும் தாயில்லாமைக்கு அடையாளங்கள்.

தாயிழந்த குட்டிக்கு முதல் தேவை பால் அன்று, சூடு. முதல் சில வாரங்களில் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் குட்டிக்கு இல்லை. குளிர்ந்த குட்டியின் குடல் இயங்காது. அந்நிலையில் ஊட்டிய பால் உள்ளேயே புளித்துக் கெடும். வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துணியில் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கத்தில் வைத்தல் வேண்டும். மறுபக்கம் குளிர்ந்திருக்கட்டும், வெப்பம் மிகுந்தால் குட்டி நகர்ந்துகொள்ள இடம் வேண்டுமன்றோ? உடல் சூடேறிய பின்னரே பால். பூனைக்குட்டிக்கென்றே ஆக்கப்பட்ட பால்மாவைக் கால்நடை மருந்து விற்கும் கடைகளில் பெறலாம். கிடைக்காதபோது எதனை எவ்வளவு கொடுப்பது என்று மருத்துவரைக் கேட்பதே தக்கது. முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணிக்கொரு முறை, இரவிலும், சிறிது சிறிதாக ஊட்டல் வேண்டும். மனிதக் குழந்தையை ஏந்துவது போல் மல்லாத்திப் பிடித்து ஊட்டினால் பால் நுரையீரலில் இறங்கிவிடும். குட்டி தாயின் மடியில் குடிப்பது போலக் குப்புறப் படுத்தபடியே குடித்தல் வேண்டும்.

பலர் அறியாத ஒன்று இங்குச் சொல்லத்தக்கது. மூன்று வாரத்திற்குட்பட்ட குட்டி தானே சிறுநீர் கழிக்கமாட்டாது. தாய் தன் நாவால் நக்கிக் கழிக்கச் செய்யும். தாயில்லாதபோது, வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் வளர்ப்பவர் ஒவ்வொரு முறை பாலூட்டிய பின்னும் மெல்லத் தடவிவிடல் வேண்டும். இதனை அறியாமல், நன்றாகப் பால் குடித்த குட்டிகளையும் இழந்தவர் உளர். நாள்தோறும் எடை பார்ப்பதும் நன்று. நாளொன்றுக்குப் பத்து முதல் பதினைந்து கிராம் ஏறினால் குட்டி தேறுகின்றது எனலாம். எடை ஏறாது ஒருநாள் நின்றாலே ஐயுறல் வேண்டும்.

அன்பினால் விளையும் மற்றொரு கேடு, பாலினும் கொடியது. பூனையின் இயல்பான உடற்சூடு 100.5 முதல் 102.5 பாரன்ஹீட் அளவு, நமக்கோ 98.6. ஆதலின் நலமாக உள்ள பூனையைத் தொட்டாலும் நம் கைக்குச் சுடும். 'பூனைக்குக் காய்ச்சல்' என்று எண்ணி, வீட்டில் அப்பத்தாவுக்காக வாங்கி வைத்த பாரசிட்டமால் மாத்திரையில் பாதியைக் கிள்ளிப் பொடித்துக் கொடுக்கும் பிள்ளைகள் உண்டு. மனிதனின் ஈரல் அம்மருந்தை மாற்றி வெளியேற்றும் முறையில் பூனையின் ஈரல் மாற்றமாட்டாது. மருந்து நஞ்சாகிச் சிவப்பணுக்களைக் கெடுக்கும். குருதி உயிர்வளியைச் சுமக்கும் வன்மையை இழக்கும். ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு முட்டும். ஐந்நூறு மில்லிகிராம் மாத்திரை ஒன்று வளர்ந்த பூனையைக் கொல்லப் போதும்; பாதியும் கொல்லக்கூடும். தெரியாமல் கொடுத்துவிட்டால், நோய்க்குறி தோன்றும்வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லல் வேண்டும். எவ்வளவு கொடுத்தோம் என்பதை அஞ்சாமல் சொல்லல் வேண்டும். மாற்று மருந்து உண்டு. அது காலத்தோடு சென்றால்தான் பயன்படும்.

மாத்திரையைப் போலவே, நாய்க்கு இடும் உண்ணி மருந்தும் பூனைக்கு ஆகாது. பெர்மெத்ரின் என்னும் சரக்குக் கலந்த நீர்மத்தை நாயின் முதுகில் இட்டு மிஞ்சியதைப் பூனையின் முதுகில் தடவியவர், அது உடல் நடுங்கி வலிப்புற்று விழக் கண்டிருப்பர். தரை கழுவும் பினாயிலும் அத்தகையதே. பூனை தரையை நக்குவதில்லையே என்பார் உண்டு. தரையில் நடந்த பாதத்தை அது நக்குகின்றதே!

இந்நக்கும் வழக்கமே ஓடைப்பட்டி போன்ற ஊர்களில் பூனைக்கு மிகுந்த இடரை விளைக்கின்றது. திராட்சைக் கொடிக்குப் பூஞ்சணம் பிடியாதிருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவையையும், பூச்சி தாக்காதிருக்க வேறு பல மருந்துகளையும் தெளிக்கின்றனர். மருந்தடித்த பந்தலின்கீழ் எலி தேடித் திரிந்த பூனையின் மயிரில் நஞ்சு படியும். வீடு திரும்பியதும் அது திண்ணையில் அமர்ந்து தன் உடம்பை நக்கித் தூய்மை செய்யும். தூய்மை மிகுந்த விலங்கு தன் தூய்மையாலேயே நஞ்சுண்கின்றது. மருந்தடிக்கும் நாளில் பூனையை வீட்டில் அடைத்து வைத்தல், தெளிகருவி கழுவிய நீரை அது குடிக்கும் இடத்தில் கொட்டாதிருத்தல், மருந்து படிந்ததைக் கண்டால் மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவித் துடைத்தல் ஆகியவை உழவர் வீட்டார் தவறாது செய்யத்தக்கவை. எலிநஞ்சு வைப்பதாயின் பூனை வளர்ப்பது வீண். நஞ்சுண்டு தள்ளாடும் எலியையே பூனை எளிதில் பிடிக்கும். திராட்சைப் பழமே நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது இந்நூற்றாண்டில் தெளிவாகியுள்ளது. பூனை பழத்தை விரும்பித் தின்பதன்று. ஆயினும் விளையாட்டாகவும் கொடாதிருத்தலே நலம்.

நோய்களுள் குட்டிகளைக் கூட்டங்கூட்டமாக அழிப்பது வெள்ளணுக் குறைநோய். பார்வோ இனத்து வைரஸ் இதற்குக் காரணம். காய்ச்சல், வாந்தி, கழிச்சல் ஆகியவை காணும். குட்டி தண்ணீர்க் கிண்ணத்தின்மேல் தலை தொங்க அமர்ந்திருக்கும், குடிக்கமாட்டாது. இந்நோய்க்கிருமி இறந்த குட்டி கிடந்த இடத்தில் ஓராண்டு வரையிலும் அழியாதிருக்கும். அவ்விடத்தை வெறும் நீரால் கழுவிவிட்டு அடுத்த மாதம் புதுக்குட்டி கொண்டுவந்தால், அதுவும் மாளும்; 'இவ்வீட்டுக்குப் பூனை ராசியில்லை' என்ற பேச்சும் எழும். ராசியன்று காரணம், கிருமி. குளோரின் சேர்ந்த வெளுப்புநீரை நீர் கலந்து அவ்விடத்தில் ஊற்றி ஊறவிட்டுக் கழுவுதலே வழி. தடுப்பூசி இட்ட குட்டியையே பின்னர்க் கொண்டுவருதல் வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு பதினாறு வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பின்னர் ஓராண்டில் ஒன்று என்பது மருத்துவர் கொள்ளும் முறை.

குடற்புழு தாய்ப்பாலின் வழியாகவே குட்டிக்கு வரும். வயிறு மட்டும் பெருத்து முதுகெலும்பு துருத்தி நிற்கும் குட்டியைக் கொழுத்தது என்று மகிழ்வது பிழை. மூன்றாம் வாரம் முதலே இரு வாரத்துக்கு ஒருமுறை எடைக்கேற்ப மருந்து தரப்பெறும். மலவாயருகே அரிசிபோன்ற துண்டுகள் ஒட்டியிருப்பின் அது நாடாப்புழு. தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால் வருவது. ஆதலின் தெள்ளுப்பூச்சியையும் ஒழித்தால்தான் புழு ஒழியும்.

கடுவன் பூனை மண்ணைப் பறித்து அமர்ந்து முக்கி முக்கி, சிறுநீர் வாராது கத்துமாயின், அதனை மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் புகட்டுவர். சிறுநீர்க் குழாய் அடைபட்டதாக இருக்கலாம். ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். இது நள்ளிரவிலும் மருத்துவரைத் தேட வேண்டிய நோய். பூனை இரண்டு நாளுக்கு மேல் உணவைத் தொடாதிருப்பதும் அற்பமன்று; பட்டினியால் அதன் ஈரலில் கொழுப்பு அடைந்து அதுவே தனிநோயாகும். வலியை மறைப்பது பூனையின் இயல்பு. இருண்ட மூலையில் ஒதுங்குதல், உடம்பை நக்காது விட்டு மயிர் சடைத்தல், கண்ணின் உள்மூலைத் தோல் பாதிக்கண் வரை மூடியிருத்தல் ஆகியவற்றையே அதன் முறையீடாகக் கொள்ளல் வேண்டும்.

பூனை வளர்ப்போர் தம் உயிரின்பொருட்டு அறியவேண்டுவது வெறிநோய். இது நாய்க்கு மட்டும் உரியதென்பது தவறான எண்ணம்; வெறிகொண்ட பூனை கடித்தாலும் பிறாண்டினாலும் மனிதனுக்கு வரும்; வந்தபின் பிழைத்தவர் அரியர். பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1885இல் வெறிநாய் கடித்த சிறுவன் ஒருவனுக்குத் தம் ஊசியை இட்டுக் காத்தார். தென்னாட்டில் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907இல் திறக்கப்பெற்றது. அதற்குமுன் கடிபட்டோர் மருந்துக்காக இமயமலைச் சாரலிலுள்ள கசௌலி வரை செல்ல வேண்டியிருந்தது. பின்னர் நெடுங்காலம் ஆட்டு மூளையினின்று எடுத்த மருந்தை வயிற்றில் பதினான்கு முறை வரை குத்தினர். அவ்வலிக்கு அஞ்சியே கடிபட்டதை மறைத்து இறந்த சிறுவர் எத்தனையோ பேர். இந்தியாவில் 2005ஆம் ஆண்டளவில் அம்மருந்து கைவிடப்பட்டது. இன்று அரசு மருத்துவமனைகளில் தோளின் தோலினுள் கடிபட்ட நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் எனச் சிறு ஊசிகளைக் கட்டணமின்றி இடுகின்றனர். காயம் ஆழமாயின் காயத்தினுள்ளும் ஒரு மருந்து செலுத்துவர். மருத்துவமனைக்குச் செல்லுமுன் செய்யவேண்டுவது ஒன்று: காயத்தைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவுதல். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதனையும் அப்பலாகாது. பூனைக்கு மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி இட்டு, மருத்துவர் குறித்த நாளில் மீண்டும் இடுதல் வேண்டும். வீட்டுப் பூனைதானே என்று கடியை மறைக்கும் சிறுவன் தன் உயிரோடு விளையாடுகின்றான்.

பூனையின் கழிவில் டாக்சோபிளாசுமா என்னும் ஒட்டுண்ணி இருத்தல் கூடும் என்பது 1970ஆம் ஆண்டளவில் தெளிவாயிற்று. சூல்கொண்ட மகளிர்க்கு அதனால் கருவில் தீங்கு நேரலாம். இதனைக் கேட்டவுடன் பூனையைச் சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே விடுதல் அறிவுடைமை ஆகாது. புதிய கழிவில் அவ்வொட்டுண்ணி தொற்றும் நிலையில் இராது. அந்நிலை அடைய ஒரு நாளேனும் ஆகும். ஆகவே நாள்தோறும் மணலை மாற்றிவிட்டாலே பெரிதும் காப்பாகும். அப்பணியை வீட்டிலுள்ள பிறர் செய்து, சோப்பிட்டுக் கை கழுவுதல் வேண்டும்.

சாக்கில் கட்டி விடுதல் என்னும் கொடுமைக்கு வேறொரு காரணமும் உண்டு, குட்டிகள் பெருகிவிடுதல். பெட்டைப்பூனை ஐந்தாறு மாதத்திலேயே சூல்கொள்ளும் பருவம் எய்தி, ஆண்டில் இருமுறையோ மும்முறையோ ஈனும். அக்குட்டிகளைச் சந்தை மேட்டில் விட்டு வருவதைவிட, உரிய காலத்தில் கருத்தடை அறுவை செய்வித்தல் நன்று. ஒருமுறை ஈன்ற பின்னரே செய்யவேண்டும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை.

விலங்கு மருத்துவம் நம் நாட்டில் மாட்டையும் குதிரையையும் முன்னிட்டே வளர்ந்தது. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தோன்றியது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989இல் அமைந்தது. தேனி மாவட்டத்திலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்று 2020இல் தொடங்கப்பெற்றது. எனவே பள்ளத்தாக்கு மக்கள் பூனைக்கு மருத்துவம் செய்விக்க நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. பூனையைக் கையில் ஏந்திப் பேருந்தில் செல்லலாகாது. ஊதல் ஒலிக்கு மருண்டு பாய்ந்துவிடும். பெரிய பூனையைக் கழுத்துத் தோலால் தூக்குவதும் தவறு. தாய் குட்டியைத் தூக்குவது வேறு. காற்றுப் புகும் மூடுகூடையில், அது வழக்கமாகப் படுக்கும் பழந்துணியை விரித்து, பூனையை வைத்து, மேலே மெல்லிய துணி போர்த்துக் கொண்டுசெல்லல் வேண்டும். கடைசியாக உண்டது எப்போது, சிறுநீர் கழித்தது எப்போது, என்ன மருந்து கொடுக்கப்பட்டது, எந்தத் தடுப்பூசி எந்நாளில் இடப்பட்டது என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி எடுத்துச் சென்றால், மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகளுக்கு அதுவே விடையாகும்.